சேகரித்தவர்

திருப்பாலைக்குடிக்குத் தெற்கே
உடைமரக் காட்டுக்குள் ஒரு கிணறு.
அந்த ஒரே கிணற்றிலிருந்து
இரண்டு பாட்டில் வந்தன என் மேசைக்கு.

இறால் பண்ணை மேலாளர் பிச்சைரெத்தினம் கொண்டுவந்தது
அறுநூற்றுப் பத்து. மூடியில் அரக்கு முத்திரை வேறு.

தண்ணி லாரி நாகூர்கனி கொண்டுவந்தது
ஏழாயிரம். கடலையே மொண்டுவந்தாரோ என்னவோ.
குடம் பதினைந்து ரூபாய் அவருக்கு.
கிணறு கெட்டால்தான் லாரி ஓடும்.

இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு
பஸ் மாறி நானே போனேன்.

கிணற்றுக்காரி ராக்கு
"தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றாள்
பண்ணைப் பக்கம் பார்த்தபடி.
மகனுக்கு அங்கே இராக்காவல்.
"உப்பிட்டவங்களை உள்ளளவும் நினைக்கணும்ல?"
சிரிக்கவில்லை.

பிறகு டீ போட்டாள். பால் திரிந்தது.
இருவரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"நேத்துப் பாலு" என்றாள் சட்டென்று.
கொல்லையில் கன்று
இன்னும் வாய் நுரையோடு நின்றது.

வாளியைப் பாதிக் கயிறு விட்டேன்.
நாலாயிரத்து நூற்றெண்பது.
மேலாக மொண்டேன், ஐப்பசி மழைக்கு மறுநாள் அது:
அறுநூற்றுச் சொச்சம்.
கயிறு முழுக்க விட்டு அடியைத் தொட்டேன்:
ஏழாயிரத்துக்குப் பக்கம்.

ஆக, இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.
அவரவர் கயிறு அவரவர் நீளம்.

படிவத்தில் நிறம், மணம், நேரம்,
சேகரித்தவர் பெயர், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
இந்த எண்ணால் யாருக்கு என்ன லாபம் என்பதற்கு இல்லை.
ஓரத்தில் பேனாவால் நானே எழுதினேன்:

என் கொழுந்தன் அந்தப் பண்ணைக்கு ஐஸ் போடுகிறான்.
மூன்று மாதப் பாக்கி, வீட்டில் தினமும் அந்தப் பேச்சுதான்.
மீட்டருக்கு அந்தக் கோபம் கிடையாது.
ஆனால் பாதிக் கயிறு போதும் என்று நிறுத்தியது
என் கை.

மேலலுவலகம் திருப்பி அனுப்பியது.
"தேவையற்ற விவரங்கள். புதிய படிவத்தில் அனுப்பவும்."

அனுப்பிவிட்டேன்.
ஒரே எண், ஒரே கையெழுத்து, ஓரம் காலி.
அடித்தல் திருத்தல் இல்லாமல்
அவ்வளவு சுத்தமாக இருக்கிறது,
எனக்கே நம்பத் தோன்றுகிறது.