ஒப்பீட்டு ஊர்

எழுமலைக்குத் தெற்கே ஓர் ஓடை.
அக்கரைக்குத் திட்டம் வந்தது.
இக்கரைக்கு நான் வந்தேன்,
அளவுநாடா, மண் எடுக்கும் குழாய்,
தொண்ணூற்றாறு கேள்விகளோடு.

அக்கரையில் கன்றுக்கு இவ்வளவு என்று பணம்.
இங்கே ஒன்றும் கிடையாது.
ஒன்றும் கிடைக்காமல் இருப்பதுதான்
இந்த ஊருக்கு இட்ட வேலை.
இது இப்படியே கிடந்தால்தான்
அது பலித்ததா என்று தெரியும்.

"ஒண்ணும் குடுக்காதவங்கள எதுக்குத் தாயி எண்ணுறீங்க?"
மூன்று வருடமாக ஒச்சம்மாள் கேட்கிறாள்.
மூன்று வருடமாக நான்
அடுத்த கேள்விக்குப் போகிறேன்.
அடுப்புக்கு என்ன எரிக்கிறீர்கள்?
விறகு எங்கிருந்து?

அக்கரையில் வெட்டக் கூடாது என்றானபின்
அரிவாள்கள் ஓடையைத் தாண்டி
இந்தப் பக்கத்துக் கரட்டுக்கு வந்தன.
அதை எழுத என்னிடம் கட்டமில்லை.

போன அறிக்கை சொன்னது:
கன்றுகள் பிழைத்தன, பாதிக்குமேல்.
மண்ணில் கார்பன், சிறிது கூடியிருக்கலாம்.
மழை பற்றி
மேலும் ஆய்வு தேவை.
சாப்டூர் மலைமேல் ஒரு மேகம்
அதைப் படித்ததுபோல் நகர்ந்து போனது.

இந்த வருடம் அவள் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால்
நாற்பத்தொரு மலைவேம்பு.

"லாரிக்காரன் ரோட்டுல கொட்டிட்டுப் போனது.
வேரு காஞ்சிருச்சு, அம்புட்டும் செத்துப்போகும்ண்டாங்க.
பாத்திரம் கழுவுன தண்ணிதான் ஊத்துனேன்."

மதுரைக்குப் போன் போட்டேன்.
"அந்த வீட்டை நீக்கிடலாமே" என்றார் மேலாளர்,
கறிவேப்பிலையை ஒதுக்கும் குரலில்.
எழுதினால் இரு கரைக்கும் வித்தியாசம் குறையும்,
திட்டத்தின் பலன் இளைத்துப்போகும்.
எழுதாவிட்டால்
இந்த மரங்கள் குடித்த காற்று
யாரும் குடிக்காத காற்று.

மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும்.
மார்பளவு என்பது, விதிப்படி,
ஒரு மீட்டர் முப்பத்தேழு.
ஒச்சம்மாளுக்கு அது மூக்குக்கு வந்தது.
"யாரு மாருடி இது?" என்று சிரித்தபடி
நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.
பட்டையில் கட்டெறும்பு. முப்பத்தொன்று சென்டிமீட்டர்.

"இதுக்காவது காசு வருமா?"

வராது.

"அப்பச் சரியா எழுது."

நாற்பது மரம் பாக்கி.
வெயில் ஓடையைக் கடந்து
இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.