ஏழில் ஆறு

மறைக்கல்வித் தேர்வில் எனக்கு ஏழுக்கு ஆறு.
உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழையும் எழுதுக.
பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர்,
ஆடை, கூரை, நோயாளி, சிறையாளி
வரிசையாக வந்தன. ஏழாவது வரவில்லை.
பென்சிலைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தேன்.
டுலூத் துறைமுகம் உறைந்து கிடந்தது.
இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று
இடுப்புவரை பனிக்கட்டியில் நின்றது,
மார்ச் வரட்டும் என்று.

அடுத்த மணி கணக்கு.
ஆறை ஏழால் வகுக்கச் சொன்னார்கள்.
எட்டு, ஐந்து, ஏழு, ஒன்று, நான்கு, இரண்டு,
மறுபடி எட்டு, மறுபடி ஐந்து.
தாள் முடிந்தது, கணக்கு முடியவில்லை.
"தலைக்கு மேலே ஒரு கோடு போடு, போதும்"
என்றாள் ஓடெட் லஃபாவ், எப்போதோ முடித்துவிட்டவள்.
இனி இதுதான், இப்படியேதான் என்று
அந்தக் கோட்டுக்குப் பொருளாம்.
செபத்தின் கடைசியில் வரும் என்றென்றும் போல.

ஆறாம் வகுப்பில் வேறென்ன படித்தோம்?
தூபக்கலசத்தை முழங்காலில் இடிக்காமல் ஆட்ட.
டகோட்டா இரண்டு, தலைநகரம் இரண்டு;
எதற்கு எது என்பது ஒருவருக்கும் நிற்கவில்லை.
ஒப்புரவுக் கூண்டில்
அண்ணன் செய்ததைச் சொல்லக்கூடாது,
நாம் செய்ததை மட்டும்.
தவக்காலத்தில் அல்லேலூயா பாடக்கூடாது.
ரெமி ஸ்கோரிச் அதை விசிலடித்தான்.
விசில் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரிக் கடைசியில் மருத்துவமனையிலிருந்து
கோவிலுக்கு ஒரு பெட்டி வந்தது.
முதல் பெயர், ஆர்வில்.
குடும்பப் பெயர் தெரியவில்லை.
உறவினர் என்ற இடத்தில்
ஒரு கோடு.

அதனால் நாங்கள் போனோம், இருபத்திரண்டு பேர்,
குடும்பம் உட்காரும் முன்வரிசையில்
பனிக்கோட்டு உரச உரச உட்கார்ந்தோம்.
"நாங்கள் அழ வேண்டுமா?" என்றான் ரெமி.
"கையுறையைக் கழற்று" என்றார் திருமதி ருகாவினா.
வெள்ளை விரிப்பை விரிக்க நான்கு பேர்.
ஒரு மூலை எனக்கு.
மேசைவிரிப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்,
கை நடுங்காமல் இருக்க.
நடுவில் ஒரு சுருக்கம்.
ஓடெட் அதை உள்ளங்கையால் நீவினாள்,
பிறகு இன்னொரு முறை,
முதல் தடவையே சரியாகிவிட்டிருந்தும்.

அடக்கம் அன்றைக்கு இல்லை.
நிலம் நான்கடி உறைந்திருக்கிறதாம்,
மே வரை கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில்
பெட்டி காத்திருக்குமாம்.
"அப்போ ஏழாவதை இன்னும் செய்யவில்லை"
என்றான் ரெமி, பேருந்தில், சத்தமாக.
ஓட்டுநர் வானொலியை அணைத்தார்.

மார்ச்சில் இலக்கணம்.
வாக்கியத்தில் ஆள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்
உள்ளே இருப்பார்;
அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர்.
எடுத்துக்காட்டு கேட்டபோது
'கதவை மூடு' என்றாள் ஒருத்தி.
'காத்திரு' என்றான் ரெமி.
வகுப்பே ஒருமுறை
கல்லறைப் பக்கத்துச் சன்னலைப் பார்த்தது.
கப்பல் போய்விட்டிருந்தது,
நாங்கள் கவனிக்காத ஒரு நாளில்.

மே ஒன்பது. மழையா பனியா என்று
தீர்மானிக்காத ஏதோ ஒன்று பெய்தது.
குழி நாங்கள் நினைத்ததைவிட ஆழம்,
மண் நாங்கள் நினைத்ததைவிடச் சிவப்பு.
ஆளுக்கொரு பிடி.
என்னுடையதில் ஒரு கூழாங்கல் இருந்தது;
பலகையில் விழுந்து தட்டியது,
கதவைத் தட்டுவதுபோல.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
மன்னிக்கவும் என்றேன், யாரிடம் என்று தெரியாமல்.

மரச்சிலுவையில் ஆர்வில் என்று மட்டும் எழுதி
மிச்சப் பலகை காலியாக இருந்தது.
எழுவாய் தனியே நின்றது,
பயனிலை இன்னும் வரவில்லை.

திரும்பி வந்ததும் மீன் விரல்களும்
தக்காளிச் சாறும். பசி.
கை கழுவியும் நகத்தடியில் சிவப்பு.
பழைய விடைத்தாளை எடுத்து
ஏழாவதை எழுதி நீட்டினேன்.
திருமதி ருகாவினா படித்தார்,
என் விரலைப் பார்த்தார்,
மதிப்பெண்ணை மாற்றவில்லை.