விடுபட்டவை: இல்லை

ன்சாஞ்சே மாவட்டத்துக் குழாய்க் கிணறுகள்
மூவாயிரத்து நூற்றுப் பதினாறு.
கோப்பைத் திறந்ததும் கருவி ஒப்பித்தது:
அட்சரேகை, எண், விடுபட்டவை இல்லை.
தீர்க்கரேகை, எண், விடுபட்டவை இல்லை.
சிறுமம், பெருமம், சராசரி,
குட்டையும் நெட்டையுமாய்ச் சில பட்டைகள்.
லிலோங்வேயில் மின்சாரம் போய்ப்போய் வந்த மாலை.
எல்லாம் சரி என்று மூடிவிட்டு
தேநீர் குடிக்கப் போயிருக்கலாம்.

தமாண்டாதான் கேட்டாள்:
எல்லாக் கிணற்றையும் கூட்டி வகுத்தால்
வருகிற இடத்தில்
யார் போய் வாளி வைப்பது?

மூன்று வாரம் ஆயிற்று.
இந்த இரண்டு பத்திகளும் ஜோடி என்று
கருவிக்குப் புரியவைக்கவே பாதி நாள் போனது.
தனித்தனியே வெறும் எண்கள்,
சேர்ந்தால்தான் ஊர்.

முதல்முறை வரைபடம் விரிந்தபோது
உலகம் முழுக்க விரிந்தது.
ஒரு மாவட்டத்துக்கு எதற்கு இவ்வளவு பூமி?

பத்தொன்பது கிணறுகள் சூடான் மணலில்.
ஒரு கழித்தல் குறி உதிர்ந்தால் போதும்,
பூமத்திய ரேகையைத் தாண்டிக் குதிக்கிறது ஊற்று.
நான்கு, மதேராத் தீவுக்கு வடக்கே நடுக்கடலில்,
கால் மாற்றிப் போட்ட செருப்பு மாதிரி.
கினி வளைகுடாவில்,
சுழியமும் சுழியமும் சந்திக்கும் இடத்தில்,
அறுபத்தேழு கைப்பம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக.

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மாவட்டத்துக்குள் நெருங்கிப் பார்த்தபோது
சிரிப்பு நின்றது.
இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகள் ஒரே புள்ளியில்:
நீர் அலுவலகத்தின் வாசற்படி.
ஆறு தசம இடம்வரை அச்சு அசலாக.
பொய், என்றாள் தமாண்டா.
நான் சிவப்பு பூசினேன்.

தொலைபேசியில் லிம்பிக்கானி கோபப்படவில்லை.
ஜனவரியில் ஷிரே ஆறு பாலத்தைக் கொண்டுபோயிற்று, என்றார்.
கையிலிருந்த கருவி நனைந்து செத்தது.
நடந்தே போனேன், எல்லாம் பார்த்தேன்.
வேறு கருவி கிடைத்தது திரும்பி வந்த பிறகு,
அலுவலக வாசலில்.
காலியாக விட்டால் உங்கள் படிவம் ஏற்காதே.
கொஞ்சம் இருமிவிட்டு,
குறிப்புப் பத்தியைப் படித்தீர்களா?

படிக்கவில்லை.
கருவி அதைப் பற்றிச் சொன்னது ஒரே வரி:
எழுத்து; ஒன்றுபோல் இன்னொன்று இல்லை; பயன் குறைவு.

மாயி சிமோம்போ வீட்டுக்குப் பின்னால்,
பொந்தன்புளி மரத்திலிருந்து எண்பது எட்டு.
செங்கல் சூளை தாண்டி, கைப்பிடி உடைந்தது,
பெண்கள் கயிறு கட்டி இழுக்கிறார்கள்.
இது இரண்டாவது கிணறு. முதலாவது இப்போது ஆற்றுக்குள்.
இங்கே தண்ணீர் துருச் சுவை, கன்றுகள் மட்டும் குடிக்கும்.

இரவு பதினொன்று வரை படித்தோம்.
மின்சாரம் போன பிறகு
தமாண்டாவின் கைபேசி வெளிச்சத்தில்.

சிவப்பை எடுத்துவிட்டேன்.
இப்போது அந்த வாசற்படியைத் தொட்டால்
இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் விரியும்.
விடுபட்டவை என்ற கட்டத்தில்
என்ன எண் போடுவது என்றுதான்
இன்னும் தீரவில்லை எங்களுக்குள்.

லிம்பிக்கானி
ஒரு சைக்கிளும்
நனையாத பை ஒன்றும் கேட்டிருக்கிறார்.