பெட்டிக் கழிவு

வெறும் பெட்டி ஒரு கிலோ எண்ணூறு.
நான் எழுதியது இரண்டு கிலோ.

காலை ஐந்துக்கு ஏலக்கூடத்தின் இரும்புக் கதவு உயரும்.
கலீசியக் கரையின் ஈரம் முழுவதையும்
ரப்பர் காலணியில் சுமந்துவந்து
படகுக்காரர்கள் என் முன் இறக்குவார்கள்:
சாளை, அயிலை, சில நாள் பேய்க்கணவாய்.
தராசு முள் நடுங்கி நிற்கும்.
நான் கழிவைக் கழிப்பேன்.
"மரம் தண்ணீர் குடிக்கும், பல்பினா" என்று
முதலாளி முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்.
பிறகு மரப்பெட்டி போய் பிளாஸ்டிக் வந்தது.
பிளாஸ்டிக்கும் தண்ணீர் குடித்தது,
மொத்தம் பத்தொன்பது வருஷம்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை
சங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டேன்.
ஃப்ரோய்லான் சாமி ஊருக்குப் புதுசு, மலைப்பக்கத்து ஆள்,
மீனுக்கு முள் எடுக்கத் தெரியாதவர்.
"எவ்வளவு?" என்றார்.
"பெட்டிக்கு இருநூறு கிராம்."
கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மூச்சு இளகியது.
கொலை ஏதோ வரப்போகிறது என்று பயந்திருப்பார்.
கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம்,
மூன்றும் கூடினால்தான் அது சாவான பாவம்.
இது அற்பப் பாவம், மகளே.
அருள் நிறைந்த மந்திரம் மூன்று சொல்.

சொன்னேன், மூன்றையும் ஒரே மூச்சில்.
நான்காவதைச் சும்மா சொன்னேன்,
கையில் மிஞ்சின சில்லறையை உண்டியலில் போடுகிற மாதிரி.

இரவு, மின்கட்டண ரசீதின் பின்பக்கம்.
நாளைக்கு முந்நூறு பெட்டி, அறுபது கிலோ.
வருஷத்தில் இருநூற்றைம்பது நாள் கடல் அனுமதித்தது,
பதினைந்து டன்.
பத்தொன்பதால் பெருக்கினேன்.
இருநூற்றெண்பத்தைந்து டன் அற்பம்.
அதைத் தாங்கும் படகு எங்கள் துறையில் கிடையாது.

முழு அறிவா? எனக்குக் கிராம் வரை தெரியும்.
முழுச் சம்மதமா?
கிறிஸ்மஸ் தோறும் ஒரு பன்றித்தொடை,
உப்பிட்டது, சிவப்பு நாடா கட்டினது.
பத்தொன்பது தொடை தின்றிருக்கிறோம்.

புயல் எச்சரிக்கை ஏற்றின நாளில்
ஷென்ஷோ ஏன் வலை எடுத்தான் என்று
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
படகுக்குத் தவணை பாக்கி என்றார்கள்.
எவ்வளவு பாக்கி என்று நானும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வகுத்துப் பார்த்திருப்பேன்.

கோவிலில் கடைசிப் பெஞ்சு லிசார்தோவுடையது.
கட்டினவளை விட்டு
ரொட்டிக்கடை எர்மிட்டாஸோடு இருக்கிறான்.
பதினோரு வருஷமாய் நன்மை வாங்க எழுந்ததில்லை.
சாவான பாவம். ஊருக்கே அதன் எடை தெரியும்.
பாறை இடுக்கில் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி
ஷென்ஷோவை மேலே கொண்டுவந்தவன் அவன்தான்.
அதை யாரும் எந்தத் தட்டிலும் வைக்கவில்லை.
அவனைத் தாண்டித்தான் நான் முன்னே போவேன்,
ஞாயிறு தோறும், கைகூப்பி, நாக்கு நீட்டி.

எல்லாப் பாவமும் ஒன்றே என்பார்கள்
மேல்தெரு வாடகைக் கூடத்தில் கித்தாரோடு ஜெபிக்கிறவர்கள்.
பொய்யும் கொலையும் ஒரே எடையாம்.
தராசுக்குப் பக்கத்தில் நின்றறியாதவர் பேச்சு.
பிலாத்துவின் முன் கட்டுண்டு நின்றபோதுகூட
இவன் பாவத்தைவிட அவன் பாவம் பெரிது என்று
பிரித்துச் சொன்னவர் நம் ஆண்டவர்.
மேலேயும் எடை உண்டு. அதை நம்புகிறேன்.
என் பயம் வேறு:
அங்கே கழிவு எழுத
யாரை உட்கார்த்தியிருக்கிறார்கள்?

உயிர்ப்பு ஞாயிறு. மணி அடித்தது, வரிசை நகர்ந்தது.
என் முறை வந்தபோது
பின்னால் நின்றவளுக்கு வழிவிட்டு
ஓரமாகவே நடந்தேன், வாசல் பக்கம்.
லிசார்தோ நிமிர்ந்து பார்க்கவில்லை.
பக்கத்தில் கிடந்த மழைக்கோட்டை
எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

நனைந்த கோட்டு.
எவ்வளவு இருக்கும் என்று
என் கண் தன்பாட்டுக்கு நிறுத்தது.
எழுதவில்லை.
உட்கார்ந்தேன்.