எட்டுப் பத்து

கீழ்க்காற்று, பதினாறு நாட் என்றது செயலி.
"பருவத்தின் கடைசி மிச்சம், விட்டால் இனி டிசம்பர்தான்"
என்று சொல்லிக்கொண்டே ஹைருல்
கார்க் கூரையில் பலகையின் பட்டியை அவிழ்த்தான்.
மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, காலை ஆறே முக்கால்.
பிடோக் படகுத்துறையில் தூண்டில்காரர்கள்
இரவெல்லாம் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை
மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
மீன் கடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

ஒரு கார் இங்கே. இன்னொன்று தஞ்சோங் ரூவில்,
அதனுள் கோமளா, பிளாஸ்கில் காப்பி.
எட்டுப் பத்து வரை காத்திருப்பாள்.
எட்டுப் பதினொன்றுக்குக் கடலோரக் காவலை அழைப்பாள்.
ஜனவரிக்குப் பிறகு அவள் போட்ட நிபந்தனை இது.

ஜனவரியில்
காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
ஓர் அலை இன்னோர் அலையிடம் என்னை ஒப்படைக்க
துடுப்பு நீரைத் தொடவே தேவையில்லாத இருபது நொடி.
பிறகு விழுந்தேன்.
கால்கயிறு அறுந்தது.
அதன் ஓரம் நைந்திருந்தது எனக்குத் தெரியும்,
தீபாவளியிலிருந்தே தெரியும்.
பலகை என்னைவிட இலேசு,
காற்று அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது.
நான் நீந்தினேன். அது போனது. நான் நீந்தினேன்.
நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல் ஒன்று
சன்னலே இல்லாத புளோக் மாதிரி
பெரிதாகிக்கொண்டே வந்தது.
மிதவை அங்கியில் கட்டியிருந்த விசிலை ஊதினேன்.
ஹைருல் திரும்பிப் பார்த்தானா? இல்லை.
அவனும் விழுந்துகிடந்தான், அதனால் கேட்டது.

வாடை, கொண்டல், கச்சான், தென்றல்:
திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறது என் மொழி.
விடியுமுன் மேற்கிலிருந்து இந்தத் தீவுக்கு வருவதை மட்டும்
சுமத்ரா என்கிறோம்,
பக்கத்து வீட்டுக்காரரை
வீட்டு எண்ணால் குறிப்பிடுவதுபோல.

மழை ரேடாரைத் திறந்தேன்.
வளைந்த பட்டை ஒன்று. பச்சை, உள்ளே மஞ்சள்,
அதற்கும் உள்ளே
யாரோ பேனாவை அழுத்திக் கிழித்த சிவப்பு.
ஆறரைக்குக் கடலில் இருந்தது.
இப்போது துவாஸில்.

"நாற்பதே நிமிடம். அது வருவதற்குள் முடித்துவிடலாம்."
"நாம் போவதும் அதன் பக்கம்தானே."
அவன் பேசவில்லை.
கையில் புதுத் துடுப்பு, கார்பன்,
விலை ஒட்டிய தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.
"முதுகில் இருக்கும் காற்று முகத்துக்கு வரும் ஹைருல்.
வடமேற்காகத் திரும்பினால்
கரையே நம்மைக் கப்பல்களிடம் தள்ளும்."
நன்றாகச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.
அப்போது குரல் நடுங்கியது.
எனக்கும் அந்த இருபது நொடி வேண்டியிருந்தது.

ஏழு ஐந்துக்குக் காற்று நின்றது.
சவுக்கு ஊசிகள் அசையவில்லை.
கடல், தேய்த்த சட்டை.
"பார், அடங்கிவிட்டது" என்றான்.
நான் கூரையில் பட்டியை மறுபடி இறுக்கினேன்,
இரண்டு பலகைக்கும்.

வந்தது.
முதலில் குளிர், நிலத்திலிருந்து,
நனைந்த தார் வாசனையோடு.
பிறகு ஒரு கூடாரம் நாங்கள் பார்க்கப் பார்க்கப்
பெக் எல்லாம் பிடுங்கிக்கொண்டு கடலுக்குள் ஓடியது.
கப்பல்கள் ஒவ்வொன்றாக அழிந்தன.
தூண்டில்காரர்கள் எப்போதோ போயிருந்தார்கள்.

"இறங்கவில்லை. கரையில்தான்" என்று
கோமளாவுக்கு அனுப்பினேன், ஏழு இருபது.
அவள் பார்க்கவில்லை.
அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.
எட்டு ஒன்பதுக்குத்தான் எடுத்தாள்.
வைப்பர் ஓட ஓடக் கண்ணாடி வழியே
கடலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.
"எண்ணைப் போட்டுட்டேன்டி.
பச்சையை அழுத்த வேண்டியதுதான் பாக்கி."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

காப்பி இருக்கிறதா என்று கேட்டேன்.
மூடியைத் திறக்கவே இல்லை என்றாள்.
ஹைருல்
துடுப்பிலிருந்த விலைத்தாளை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.