மூக்கடலை, கால் கிலோ

பாபு ராவ் தெருவில் என் கடை
எட்டடி அகலம்.
எதிரே லாட்ஜ், பக்கத்தில் லாட்ஜ்,
தலைக்கு மேலும் லாட்ஜ்.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்
ஃபைலை இடுக்கிக்கொண்டே அரிசி கேட்பார்கள்,
ஸ்டவ் வாடகை கேட்பார்கள்,
அப்புறம் ஏதோ ஒரு பெயரில்
இதைக் கேட்பார்கள்.

சாக்கில் செருகிய அட்டையில்
மூக்கடலை என்றுதான் எழுதியிருந்தேன்.
திருநெல்வேலி நர்ஸ் ஒருத்தி சிரித்தாள்:
"கொண்டைக்கடலைக்கு ஏதுக்கா மூக்கு?"
ஒன்றை எடுத்து
அவள் உள்ளங்கையில் உருட்டினேன்.
நீ கொண்டை என்று சொல்கிற இடம்தான் அது.
நாங்கள் திருப்பிப் பார்க்கிறோம்,
அவ்வளவுதான்.

முதல் வருஷம் ஒருவர்
தோளில் கட்டம் போட்ட துண்டோடு வந்து
"பூட், பூட்" என்றார். தன்பாத்காரர்.
எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார் என்று
பஜாரில் செருப்புக் கடைக்கு
வழி சொல்லி அனுப்பினேன்.
சித்திரை வெயிலில் போய்
அதே வெயிலில் திரும்பி வந்தார்.
சாக்குக்குள் கையை விட்டு
ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.
"பூட்."
இருவரும் சிரித்தோம். அவர் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தார்,
அன்றுதான் யாரோ அனுமதி கொடுத்த மாதிரி.

சோலா என்று கேட்டவளுக்குச்
சோளம் அளந்த பாவமும் என்னுடையதுதான்.
சித்தூர் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது செனகலு.
சைதாப்பேட்டை நசீமாவுக்குச் சனா.
கோட்டயத்துக்காரர் வெறுமனே கடலா என்றார்;
எங்கள் ஊர்ப் பழக்கத்தில்
மல்லாட்டையை நோக்கிக் கை போய்த் திரும்பியது.
அட்டையில் இடம் தீர்ந்து
பின்பக்கமும் எழுதியாகிவிட்டது.

சாயங்காலம் மொட்டைமாடியில் ஆறு ஸ்டவ்.
ஒன்றில் கடுகெண்ணெய் புகைந்து கண் எரியும்,
உருளைக்கிழங்கும் வெங்காயமும் சிவந்து
கடைசியில் கடலை விழும்.
ஒன்றில் புட்டுக்குத் தேங்காய் வறுபடும்.
தன்பாத்காரர் அடுப்பே பற்றவைக்கவில்லை.
ஊறினதை இஞ்சியும் உப்பும் பச்சைமிளகாயும் போட்டு
அப்படியே மென்றார்.
வேகாததையா தின்பது என்று கேட்டேன்.
ஒரு கை நீட்டினார்.
தின்றேன். பரவாயில்லை.
பதிலுக்கு, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் போட்டு
நான் வைத்த குழம்பைக் கொடுத்தேன்.
அவர் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு
மிளகாய்தான் காரணம். அவரே சொன்னார்.

பதினாலாம் நம்பர் அறை ரொக்கேயா
முர்ஷிதாபாத்காரி.
புருஷனுக்குக் கிட்னி.
செவ்வாய்க்கிழமை கால் கிலோ வாங்கி ஊறப்போட்டாள்.
மறுநாள் தண்ணீர் வடித்து, துப்பட்டாத் துண்டில் கட்டி
ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறாள்.
ராத்திரி வார்டிலிருந்து போன்.
அப்படியே ஓடினாள்.

வியாழக்கிழமை அறை பெருக்கப் போன வேடியப்பன்
மூட்டையோடு இறங்கி வந்தான்.
"கொட்டிடவா அக்கா?"
அவிழ்த்துப் பார்த்தேன்.
ஒன்று விடாமல் முளை.
எல்லாம் மூக்கிலிருந்துதான் வந்திருந்தது.
அந்த நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது.
அதற்குள் அவளுக்கு நைட் டியூட்டி மாறிவிட்டது.

கொட்டவில்லை.
சமைக்கவும் கை வரவில்லை.
எந்தப் பெயருக்கு ஊறியதோ
அந்தக் கை வரட்டும் என்று
இரண்டு மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தேன்.
வேலூர் வெயில் சும்மா விடுமா,
கல்லாவுக்குக் கீழே,
ஐஸ் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில்
வைத்துக் காத்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம்
ரொக்கேயா வந்தாள்.
அதே ஃபைல். செருப்பு மட்டும் வேறு யாருடையதோ.
நான் "சோலா?" என்றேன்.
அதே நொடியில் அவள்
அட்டையைப் பார்க்காமலே
"மூக்கடலா, கால் கிலோ" என்றாள்.
அவர் எப்படி என்று
எந்த மொழியில் கேட்பது?
தலையை மட்டும் அசைத்தேன்.
அவள் கையை விரித்து
இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினாள்.

மூட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
முடிச்சைத் தொட்டதுமே
தன் துணி என்று தெரிந்துகொண்டாள்.
எடை போடவில்லை.
ஸ்டவ்வுக்கு முப்பது ரூபாய்.
அதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.