இருபத்தேழு கிராம்

ஆறு நாற்பது பாபநாசம் வண்டி.
ஏறும்போதே கண்டக்டர் கேட்கிறார்:
"டீச்சர், இன்னைக்கு உரமா, புழுவா?"
போன மாதம் மண்புழு வாளி சாய்ந்து
முக்கூடல் வரைக்கும்
ஒருத்தரும் காலைக் கீழே வைக்கவில்லை.

இன்றைக்குப் பையில்
நிறத்தாள் இரண்டு கட்டு,
காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில்,
விளிம்பில் விரிசல் விட்ட கண்ணாடிக் குவளை.

பதினொன்றாம் வகுப்பு, வேளாண் பிரிவு.
கணக்கு கிடைக்காதவர்கள் காமர்ஸுக்குப் போவார்கள்,
காமர்ஸும் கிடைக்காதவர்கள் என்னிடம்.
ஏன் இந்தக் குரூப் என்றால்
"இங்கனதான் எடம் இருந்துச்சு."
பத்தொன்பது பேர்.
சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட்.
மணியடிக்கும் முன்பே மயில்கள் வந்து
வருகை பதிந்துவிட்டுப் போகின்றன.
விதைத்த கடலையில் வரிசைக்கு மூன்று மிச்சம்.
விரட்டலாம், கல்லெறியக் கூடாது,
தேசியப் பறவை என்று
நான்தான் சொல்லித் தொலைத்தேன்.

நேற்றைய வீட்டுப்பாடம்:
உங்கள் வயலிலிருந்து ஒரு கை மண்.
சருகு ஒதுக்கி, ஒரு சாண் ஆழம் வெட்டி,
நிழலில் உலர்த்தி.

ஆவுடைநாயகத்தின் மண் கறுப்பு,
பிசான அறுப்பின் வேர் இன்னும் ஒட்டியிருந்தது.
செல்வின், நயினார், மரியதாசன், இன்னொருவன்:
நாலு பையிலும் ஒரே மண்,
ஒரே ஆட்டுப் புழுக்கை.
"எங்க வயல்ல சோலார் தகடு போட்டாச்சு டீச்சர்,
இருபத்தஞ்சு வருசக் குத்தகை,
வேலிக்கு வெளிய நின்னு எடுத்தேன்" என்றாள் சபுரா.

முப்பிடாதியின் பையில்
மண்ணுக்கு முன்னால் புகையிலை மணத்தது.
"யார் வயல்?"
"வயலு இல்ல டீச்சர்.
வீட்டுக்குப் பொறத்த, துவைகல்லுக்கு அங்கிட்டு.
ஆறு சதுர அடி இருக்கும்.
ஒரு கருவேப்பிலை நிக்கி.
எல மஞ்சளாவுது."

கரும்பலகையில் நேற்றைய எழுத்து அழியாமல் இருந்தது.
உங்கள் வயல்.
எனக்கு எங்கே இருக்கிறது?
பேட்டையில் வாடகை மாடி, இரண்டு பிளாஸ்டிக் தொட்டி,
மூட்டை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய மண்.

நிறத்தாள் பச்சையைத் தாண்டிப் போனது.
எட்டரை.
"சோப்புத் தண்ணி" என்றாள், நான் வாய் திறக்குமுன்.
கையேட்டில் போட்டிருந்தது
ஏக்கருக்கு ஜிப்சம் இருநூறு கிலோ.

ஏக்கரைச் சதுர அடியாக்கினோம்.
நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூற்று அறுபது.
கணக்கு கிடைக்காத வகுப்பு
அரை மணி நேரம் கணக்குப் போட்டது.
நயினாருக்கு இருபத்தேழு டன் வந்தது.
"ஒங்க வீட்டுக் கருவேப்பிலை மலையாலே?"
பிறகு புள்ளி தன் இடத்துக்கு வந்தது:
இருபத்தேழு கிராம்.

பள்ளிக்கூடத் தராசு
கால் கிலோவுக்குக் கீழே வாய் திறக்காது.
முப்பிடாதி மூட்டைக்குள் கையை விட்டாள்.
"நூறு பீடிக்கு உள்ள தூளு டீச்சர்.
அது பஞ்சு மாரி. இது கனம்."
கொஞ்சம் உதறினாள்,
இன்னும் கொஞ்சம்,
தாளில் வைத்தாள்.
அவளும் அம்மாவுமாக
நாளைக்கு ஆயிரம் சுற்றும் விரல்கள்.

படிவத்தில் நாலாவது கட்டம், சர்வே எண்.
துவைகல்லுக்கு அங்கிட்டு, என்று எழுதினேன்.
பட்டாதாரர்: முப்பிடாதி.
திரும்பி வரும்.
வரட்டும், மறுபடி அதையே எழுதி அனுப்ப
பேனாவில் மை இருக்கிறது.

நிறுத்துப் பார்த்து நாளைக்குத் தருகிறேன் என்று
பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.
நம்பாமல் இல்லை.
நம்பாமல்தான்.

ஊர் திரும்ப இருட்டிவிட்டது.
பேட்டையில் சின்னத் தராசு இருப்பது
அடகுக்கடையில்.
அங்கே என்னைத் தெரியும்.
முதலாளி பொட்டலத்தைத் தட்டில் வைத்து
மூச்சை அடக்கிப் பார்த்தார்.
இருபத்தெட்டு.
"தாளுக்கு ஒண்ணு போவும்" என்றார்.
செயினை எப்போது மீட்கிறீர்கள் என்று கேட்கவில்லை.
ரசீது மாதிரி ஓரம் மடித்து
இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.